இடது காலின் சுண்டுவிரல்

சாவோ பாவுலோ
11 மார்ச் 1984

லின்டால்வா சித்திக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்டு அக்கா மகள் ஜசீரா எழுதுகிறேன். ஐந்து வருஷ வறட்சிக்குப் பிறகு உங்கள் சியாரா மாநிலத்தில் மழை இறங்கியதாக வானொலியில் சொன்னார்கள். ரியாஷோ செக்கோவுக்கும் வந்ததா? உங்கள் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா? நான் சுகம். அம்மாவுக்குத்தான் வயிற்றுவலி. ஜனவரியிலிருந்து தையல் ஆலைக்குப் போகவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தவிர நான் உங்களுக்கு எழுதியதில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு கண்காட்சிக்குப் புகைப்படச் சட்டங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் பக்கத்துக் கோவில்களில் வேண்டுதல் பலித்தவர்கள் வைக்கும் மர உருவாரங்களை மேசைகளில் அடுக்கியிருந்தார்கள். கைகள், தலைகள், மார்புகள். ஒரு மேசையில் கால்கள் மட்டும். 'எல்லாம் ஒரே ஆளின் கைவேலை. செய்தவன் பெயர் தெரியவில்லை' என்று அட்டையில் எழுதியிருந்தது. ஒவ்வொரு காலிலும் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடந்தது. வேடிக்கையாக இருந்ததால், வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு புகைப்படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா மேசையில் அவரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"இது லின்டால்வா காலு."

"மரக்காலும்மா. யாரோ செதுக்கினது."

"நான் தினம் கழுவின காலுடீ. அந்த விரலை இழுத்து இறக்கி விடுவேன். விட்டதும் திரும்ப ஏறிக்கும். எனக்குத் தெரியாதா?"

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் தானாகவே பேசினாள். "எங்கம்மா எப்பவும் கத்தியும் கையுமா இருப்பா. கரண்டி, பம்பரம், எது கேட்டாலும் செதுக்கித் தருவா" என்றாள். எனக்கு இது புதிது. நாற்பத்திரண்டாம் வருஷ வறட்சியில் பாட்டி ஒட்டிலியா ஒரு லாரிக்காரனோடு போய்விட்டாள் என்பது மட்டும்தான் இந்த வீட்டில் தெரிந்த கதை. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது, உங்களுக்கு இரண்டு.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள் சித்தி. பதிலை ஆசீர்வாதத்துடன் முடியுங்கள்.

ஜசீரா


ரியாஷோ செக்கோ
9 ஏப்ரல் 1984

ஜசீரா,

கடவுள் உன்னை ஆசீர்வதித்து நல்ல புருஷனைக் கொடுக்கட்டும். கடிதம் கிடைத்தது. புனித சூசையப்பர் திருநாளன்றே மழை பெய்தது. இந்த வருஷம் பிழைத்தோம். தொட்டி நிறைந்தது. அவரை முளைத்துவிட்டது. வேலியில் ஊன்றிய உம்புரானா மரப் போத்துகள்கூடத் துளிர்த்து மரமாகப் பார்க்கின்றன. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா லாரிக்காரன் என்றார், அவ்வளவுதான். அவர் செத்து மண்ணாகிவிட்டார். இரண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? மரக்கால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடம்புக்கு முடியாத நேரத்தில் அல்சீராவுக்கு அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்காதே. போல்டோ இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டுக் காலையில் கொடு. கசக்கும், குடிக்கச் சொல்.

என் கால் எப்போதும்போல. சாய்ந்து நடக்கிறேன், விழுவதில்லை.

அந்தக் கால்கள் இடதா வலதா என்று நீ எழுதவில்லை.

உன் சித்தி
லின்டால்வா


சாவோ பாவுலோ
2 மே 1984

அன்புள்ள சித்திக்கு,

ஆசீர்வாதம் வேண்டும், இந்த முறை அதிகமாகவே. உங்கள் கால் விழாமல் நடப்பது கேட்டுச் சந்தோஷம்.

எல்லாம் இடது.

போல்டோ கொடுத்தேன், குடித்தாள். பலனில்லை. ஏப்ரல் கடைசியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். கட்டி. எடுக்க முடியாத இடம் என்று மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் உள்ளே திரும்பிப் போனதும் அம்மா, "என்னடீ, முகத்தைக் கழுவிட்டு வந்துட்ட? அப்ப பெரிசுதான்" என்றாள். மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேசுவதெல்லாம் பாட்டியைப் பற்றித்தான். நாற்பது வருஷம் வாய் திறக்காதவள். "சாகறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சா போதும். ஏன் போனா? எந்தப் பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு?" என்கிறாள். ஏழு வயதில் ஒருநாள் உங்களை இடுப்பிலிருந்து நழுவ விட்டாளாம். அதனால்தான் கால் போனது, அதனால்தான் அம்மா போனாள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்காட்சிக்காரரிடம் விசாரித்தேன். கால்கள் லஜேடோ வியாகுல மாதா கோவிலிலிருந்து வந்தவையாம். எரிப்பதற்காகக் குவித்து வைத்ததிலிருந்து ஒரு வியாபாரி எடுத்து வந்திருக்கிறார். லஜேடோ உங்களிடமிருந்து ஒருநாள் லாரிப் பயணம் என்று அம்மா சொல்கிறாள். ஒருமுறை போய்க் கேட்டு வருவீர்களா? உங்கள் காலை நினைத்தால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஜசீரா


ரியாஷோ செக்கோ
1 ஜூலை 1984

ஜசீரா,

கடவுள் உன்னையும் உன் தாயையும் கைவிடாமல் இருக்கட்டும். பதில் தாமதம். ஓடையில் வெள்ளம், பாலத்தின்மேல் லாரி வரவில்லை. அது வடிந்ததும் அவரை அறுப்பு. புனித இராயப்பர் திருநாளுக்கு முந்தின நாள்தான் கிளம்ப முடிந்தது.

கோவில் வாசலில் மெழுகுத்திரி விற்கும் தோனா கொர்டூலா என்றொரு கிழவி இருக்கிறாள். அந்த முற்றத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை. என்னைக் கண்டதும், "வாடி நொண்டி ராணி, இந்த வருஷம் சீக்கிரமா வந்துட்ட" என்றாள். அவள் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அல்சீராவுக்கு வாசித்துக் காட்டு.

"ஒட்டிலியாவா? அவ இந்த முற்றத்துக்கு வந்தப்ப முதுகுல ஒரு குழந்தை. காய்ச்சல் வந்து போயி, இடது காலு ஈரத்துணி மாதிரி தொங்குது. மாதா முன்னாடி முட்டி போட்டா. மத்தவங்க ஒரு திரி, ஒரு உருவாரம், கொஞ்ச தூரம் முட்டி நடைன்னு வேண்டிக்குவாங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? 'என் பொண்ணு நடந்தா, நான் சாகுற வரைக்கும் உன் முற்றத்தை விட்டுப் போகமாட்டேன். கால் சரியாகி வர்றவங்களுக்கெல்லாம் நானே செதுக்கித் தர்றேன்'னுட்டா. வாய்விட்டுச் சொல்லிட்டா. என் மாமியா பக்கத்துல நின்னவ, 'அடிப்பாவி, இவ்ளோ பெரிசா நேர்ந்துக்காத, மாதா எடுத்துக்குவா'ன்னா. மாதா எடுத்துக்கிட்டா. குழந்தை எழுந்து நின்னுச்சு. இவ அதைக் கொண்டுபோய் வீட்ல விட்டுட்டுத் திரும்பி வந்து, அந்தப் புளியமரத்தடியில உக்காந்தா."

அப்பா காசிமீரோ வந்து கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை. "லாரிக்காரனோட போயிட்டான்னு ஊர்ல சொல்லிக்கறேன். மாதாவோட போயிட்டான்னா சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பிறகு ஒரு பங்குச் சாமியார் வந்தார். நேர்த்திக்கடன் பாரமாக இருந்தால் அதைக் குறைத்துக் கொடுக்கும் அதிகாரம் சாமியாருக்கு உண்டு. "ஒரு நோன்பு, ஒரு ஜெபமாலை, அதோட கடன் தீர்ந்துடும், நீ வீட்டுக்குப் போம்மா" என்றாராம். "நான் வீட்டுப் படி ஏறுற அன்னிக்கே அந்தக் காலு மடங்கிடுச்சுன்னா சாமி?" என்று கேட்டாளாம்.

கொர்டூலா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "யாரு காலு கேட்டாலும் அதே சுண்டுவிரலு. வலது காலுன்னா பக்கத்துக் கடைக்குப் போன்னுடுவா. ஆறடி ஆளு ஒருத்தன், கழுதை ஓட்டுறவன், வந்து குதிச்சான். 'என்னம்மா, என் காலுல பொம்பளப் புள்ள விரலு?'ன்னு. 'காலு உன்னோடது, விரலு என்னோடது, எடுத்துட்டுப் போ'ன்னா."

ஆக, லாரிக்காரன் யாரும் இல்லை. யாரும் யாரையும் கீழே போட்டதாலும் இல்லை, காய்ச்சல்தான். இதை அல்சீராவுக்கு இரண்டு தடவை வாசி.

கால்கள் மட்டும்தான் செதுக்கினாள், வேறெதுவும் இல்லை. எழுபத்தொன்றாம் வருஷம் செத்தாள். கோவிலுக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். அவள் செய்தது எதுவும் அங்கே மிச்சமில்லை. செப்டம்பர் திருவிழா முடிந்ததும் பழைய உருவாரங்களையெல்லாம் முற்றத்தில் எரித்து, புதியவற்றுக்கு இடம் பண்ணுகிறார்கள். எப்போதும் அப்படித்தான்.

உன் சித்தி
லின்டால்வா


சாவோ பாவுலோ
22 ஜூலை 1984

அன்புள்ள சித்திக்கு,

ஆசீர்வாதம். இங்கே தூறலும் குளிரும். அம்மாவின் கட்டிலை அடுப்படிக்கு மாற்றிவிட்டேன், அங்கேதான் கதகதப்பு. கொஞ்சம் கஞ்சி இறங்குகிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போய் வந்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு தடவை அல்ல, நான்கு தடவை வாசித்தேன். காய்ச்சல் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "இந்த வருஷம் சீக்கிரமா வந்துட்டன்னா? அப்ப வருஷா வருஷம் போறாளா? லின்டால்வாவுக்கு எப்பலேருந்து தெரியும்னு கேட்டு எழுது" என்றாள். நான் பேனாவை எடுப்பதற்குள், "வேண்டாம். கேக்காத" என்றாள்.

அதனால் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேறு ஒன்று கேட்டாள். அவளுக்குச் சின்ன வயதில் காது வலி இருந்ததாம். இடது காதில் சீழ் வடியும். பாட்டி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, மடியில் படுக்க வைத்து, வலி விடும்வரை ஒத்தடம் கொடுப்பாளாம். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லின்டால்வாவுக்குக் காலு. சரி. நடக்காத புள்ளைக்குத்தான் முதல்ல பாக்கணும், நான் குத்தம் சொல்லல. எனக்குக் காது வலிக்கும். அவ போன பிறகும் வலிச்சுது. ராத்திரியெல்லாம் சுவத்துல காதை அமுக்கிட்டுத் தூங்குவேன். அத்தனை காலு செதுக்கினவ, எனக்காக ஒரு தலை செதுக்கியிருப்பாளா? சின்னதா இருந்தாலும் போதும். கொர்டூலாகிட்ட கேக்கச் சொல்லு."

கால்கள் மட்டும்தான் என்று நீங்கள் எழுதியிருந்ததை நினைவுபடுத்தினேன். "அந்தக் கிழவி எல்லாத்தையும் பாத்துட்டா இருந்தா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

கண்காட்சி அட்டையில் பாட்டியின் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். ஆதாரம் வேண்டும் என்றார் அந்த மனிதர். செய்தவன் என்பதைச் செய்தவள் என்றாவது மாற்றுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். நான் அடித்த சட்டம்தானே, கால்களின் புகைப்படத்தைத் திருப்பி, பின்பலகையில் பென்சிலால் 'ஒட்டிலியா' என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஜசீரா


ரியாஷோ செக்கோ
19 ஆகஸ்டு 1984

ஜசீரா,

கடவுள் ஆசீர்வதிக்கட்டும். காற்றடிக்கிற மாதம் இது. கண்ணெல்லாம் புழுதி. பிழைத்த ஆட்டுக்குட்டி வளர்ந்துவிட்டது, வேலியில் இடுக்குத் தேடுகிறது.

அல்சீரா கேட்கச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று சொன்னதற்குப் பதில் எழுதுகிறேன். அவள் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

எனக்குப் பதினைந்து வயது. அல்சீரா தெற்கே போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டார் திருவிழாவுக்குப் போன லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். கால் நடந்ததற்கு நன்றியாக ஓர் உருவாரம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புளியமரத்தடியில் ஒரு பொம்பளை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை இழுத்து இறக்கிவிட்டாள். அது திரும்ப ஏறியது.

"தாங்குதா?" என்றாள்.

"தாங்குது" என்றேன்.

"சரி. போ. வெயில் ஏறுது."

யாரென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் போனேன். கால் தாங்குகிறதா என்று கேட்பாள். வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. செத்தபோது ஆள் அனுப்பினார்கள், போனேன். அவள் கத்தியை என்னிடம் கொடுத்தார்கள். அலகு தேய்ந்து விரல் அகலம்தான் இருக்கிறது. அதில்தான் வெல்லம் நறுக்குகிறேன்.

அல்சீராவுக்கு எழுத வேண்டும் என்று பல தடவை தாளை எடுத்தேன். என்னவென்று எழுதுவது? எல்லாக் காலும் என் காலாக இருந்தது.

காதைப் பற்றிக் கொர்டூலாவிடம் விசாரிக்க வேண்டும். செப்டம்பர் திருவிழாவுக்குப் போவேன்.

லின்டால்வா


சாவோ பாவுலோ
9 செப்டம்பர் 1984

அன்புள்ள சித்திக்கு,

ஆசீர்வாதம். சுருக்கமாக எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சுண்டுவிரல் வந்த இடத்தில் அம்மா, "ஏறிக்கும். எனக்குத் தெரியும்" என்றாள். 'வேறு எதையும் கேட்டதாக நினைவில்லை' என்ற வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை.

உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்தாலும் அதற்குத் தெம்பு இல்லை. இப்போது ஊசி போட வாரம் இருமுறை ஒரு தாதி வருகிறாள். தபால்காரர் சத்தம் கேட்டால், "தலை வந்துச்சா?" என்கிறாள். வருமென்றே முடிவு செய்துவிட்டாள். தாதியிடம்கூட, "எங்கம்மா என் தலையைச் செதுக்கியிருக்கா. எங்க ஊர்லேருந்து வந்துட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கொர்டூலா இல்லையென்று சொன்னால் பதில் எழுத வேண்டாம் சித்தி. தபால் தாமதம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஜசீரா


ரியாஷோ செக்கோ
14 அக்டோபர் 1984

ஜசீரா,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். மரவள்ளி சீவும்போது கட்டைவிரலில் வெட்டிக்கொண்டேன். இடது கையிலும் காயம். நான் சொல்லச் சொல்லப் பள்ளி ஆசிரியை தோனா ஸெனாய்டே எழுதுகிறார். பயப்பட ஒன்றுமில்லை, ஆறி வருகிறது.

பார்சலில் இருப்பது அல்சீராவின் தலை. கொர்டூலாவின் சரக்கறையில், மெழுகுத்திரிப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடைத்தது. வருஷா வருஷம் எரிப்பதிலிருந்து எப்படியோ தப்பிவிட்டது. அம்மா இதை மட்டும் மாதாவுக்கு வைக்காமல் தனியாக வைத்திருந்தாளாம். என்றாவது பெரியவள் வந்தால் கொடுக்க வேண்டும் என்று கொர்டூலாவிடம் சொன்னாளாம். இதை அல்சீராவுக்கு நிதானமாக வாசி.

இடது காதின்மேல் கை வைத்த மாதிரி செதுக்கியிருக்கிறாள். வேலை அவ்வளவு சுத்தமாக இல்லை. தலை செதுக்கிப் பழக்கம் இல்லாதவள். முகத்தைத் துணியால் துடைக்கலாம், தண்ணீர் படக்கூடாது.

இங்கே மழை நின்று வெகுநாளாயிற்று. வேலியில் ஓர் இடம் திறந்து கிடக்கிறது. ஆடு அதன் வழியாகப் போய்விடுகிறது, கை ஆறினதும் அடைக்க வேண்டும்.

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்ததா என்று உடனே எழுது.

லின்டால்வா


சாவோ பாவுலோ
4 நவம்பர் 1984

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் ஆசீர்வாதம் மரமாகவே வந்து சேர்ந்தது. உடையவில்லை. உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன? போல்டோபோலக் கசக்கும் எதையாவது அரைத்துக் கட்டுங்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் அடுப்படி முழுக்க மரவாசனை. அம்மா மூக்கை உறிஞ்சி, "வேலி துளிர்க்கிற வாசனைடீ இது" என்றாள். கடிதத்தை வாசித்தேன். 'பெரியவள் வந்தால் கொடுக்க வேண்டும்' என்ற வரியை நீங்கள் சொன்னபடி நிதானமாக வாசித்தேன். அதற்குப் பிறகு வாசிக்க விடவில்லை.

தலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது நான்தானா?"

"நீதாம்மா. காதுல கை வச்சிருக்கு பாரு."

"மூக்கு லின்டால்வா மூக்கு மாதிரி இருக்கு."

"அக்கா தங்கைதானேம்மா."

"ஆமா" என்றாள். பிறகு சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "அசிங்கமா இருக்கேன்ல? எங்கம்மாவுக்குக் காலுதான் நல்லா வரும்" என்றாள்.

இரவில் அதைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறாள். தாதி நகர்த்தப் பார்த்தாள், கையைத் தட்டிவிட்டாள்.

உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். "வருஷா வருஷம் போனதுக்கு நல்லதுன்னு எழுது. யாராவது ஒருத்தர் போனாங்களே."

ஜசீரா


சாவோ பாவுலோ
16 டிசம்பர் 1984

அன்புள்ள சித்திக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அடக்கம் இரண்டாம் தேதி முடிந்தது. தையல் ஆலையிலிருந்து அவளோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். எல்லாரும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். நம் ஊர் வழக்கப்படியே பாடினார்கள். கடைசி இரண்டு நாள் வலி அதிகமாக இல்லை. நினைவு தப்புவதற்கு முன்பு, "காது வலி நின்னுடுச்சு. மாதாவுக்கு வச்சுடுங்க" என்றாள். அதுதான் அவள் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு.

பலித்த வேண்டுதலின் உருவாரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது அல்லவா? விடுமுறையில் வருகிறேன். ஜனவரி முதல் வாரம் பேருந்தில் கிளம்புகிறேன். நீங்களும் நானும் லஜேடோவுக்குப் போய் அதை வைத்துவிட்டு வருவோம். செப்டம்பரில் மற்றவற்றோடு சேர்த்து எரிக்கட்டும். கண்காட்சிக்காரர் கேள்விப்பட்டு வாங்க வந்தார். இது அந்தக் கைவேலை இல்லை, நீங்கள் தேடுவது கால்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தலையைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்தது ஒன்று உண்டு. வந்த இரண்டாவது வாரமே விரிசல் விட்டது. காதிலிருந்து தாடை வரைக்கும், மரம் காயக் காய நீண்டுகொண்டே போனது. அடுப்புச் சூட்டில் ஓர் இரவு சத்தமாகவே வெடித்தது. அம்மா தூங்கும்போதெல்லாம் எடுத்துப்போய், கடையில் சட்டங்களின் மூலைக்கு வைக்கும் மெழுகை நிறம் பார்த்துக் கலந்து அடைத்துவிடுவேன். கடைசி வரைக்கும் அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் கட்டைவிரல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். வேலியில் திறந்து கிடக்கும் இடத்தை நான் வந்து அடைத்துத் தருகிறேன். ஆணி அடிப்பது என் தொழில்தானே.

எனக்கும் என்றாவது ஏதாவது வலிக்கும் சித்தி. அப்போதைக்கு வேண்டிய மரத்தை இப்போதே வெட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு வருஷமாவது நிழலில் கிடந்து காயட்டும்.

ஆசீர்வாதத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஜசீரா